வீட்டுக்கு ஒரு வார்த்தை

அத்தியாயம் 14

இந்த அத்தியாயத்தில் வருகிற ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். கருப்பு கோயில் படியில் சூடத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் செய்த சத்தியம். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

போன வாரம், ஜெயக்கொடியின் புருஷன் சுருளி வாயாலேயே ஹாரன் அடித்து டவுன் பஸ்ஸைப் பேரையூர் ரோட்டில் திருப்பிவிட்ட இடத்தைப் படித்துவிட்டு, 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்டு எழுதிய வாசகர்கள் பதினோரு பேர். அவர்களுக்கு ஒரே பதில்தான். அந்த பஸ்ஸில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். பதினொன்று பெரிதா, நாற்பத்து மூன்று பெரிதா?

விஷயத்துக்கு வருவோம்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் உசிலம்பட்டி சந்தைத் திடல் சேறாகக் கிடந்தது. ஜெயக்கொடி பால் தூக்குவாளியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். முப்பது வயசு. இரண்டு மாடு, ஒரு தகரக் கொட்டகை, மூன்று வருஷமாக ஊரில் இல்லாத ஒரு புருஷன். அவளுடைய சொத்து அம்புட்டுதான்.

எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"என்னத்தா, இன்னைக்குத்தான மேடை?"

"ஆமா."

"மூணாவது மணி அடிக்காம இருக்கணும், கருப்பு!" என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் காலத்தில் உசிலம்பட்டியில் யாரும் சாதாரணமாகப் பேசுவது கிடையாது. எல்லாரும் 'ஞாயிறு மேடை' பாஷைதான். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மெட்ராஸிலிருந்து வருகிற டி.வி. போட்டி அது. பாடுகிறவன், ஆடுகிறவன், நெருப்பை விழுங்குகிறவன் யார் வேண்டுமானாலும் ஏறலாம். எதிரே மூன்று நடுவர்கள், ஆளுக்கு ஒரு வெண்கல மணி. பிடிக்காதவர் தன் மணியை அடிப்பார். மூன்றும் அடித்துவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான்.

ஆகவே உசிலம்பட்டியில் டீயில் சர்க்கரை குறைந்தால், குடித்தவன் கிளாஸை ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டி "டங்!" என்பான். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்தால், "மூணு மணியையும் அடிச்சிட்டுப் போயிட்டாக" என்பார்கள். பெரிய தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்த பேயாண்டி, தன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் தானே சொல்வார்: "ரெண்டு அடிச்சிருச்சுப்பா. மூணாவதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

மூன்றாவது மணி அடிக்காமல் முழுசாகச் செய்து முடித்தவனுக்குப் பரிசு என்னவென்றால், ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. "வீட்டுக்கு ஒரு வார்த்தை!" என்று அறிவிப்பாளர் மைக்கை நீட்டுவார். அவன் தன் வீட்டைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம். 'அம்மா' என்பான் ஒருவன். 'ஜெயிச்சிட்டேன்' என்பான் ஒருவன். ஒருத்தன் யோசித்து யோசித்து 'சாவி' என்றான். பீரோ சாவியைத் தன்னோடு எடுத்து வந்துவிட்டானாம்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜெயக்கொடி ஆறு வாரத்துக்கு முந்தி ஒரு கார்டு போட்டாள்.

'உங்கள் ஊர்த் திறமைசாலி எங்கே இருக்கிறார் என்று எங்களுக்கு எழுதுங்கள், நாங்கள் தேடிப் பிடித்து மேடை ஏற்றுகிறோம்' என்று மேடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். புருஷன் மெட்ராஸில் இருக்கிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். விலாசம் தெரியாது. எழுதவும் தெரியாது. அண்ணன் விருமாண்டியிடம் எழுதித் தரச் சொன்னால் கார்டைக் கிழித்துவிடுவான். ஆகவே பால் ஊற்றுகிற டீக்கடையில் கண்ணுச்சாமியைப் பிடித்தாள். கண்ணுச்சாமி தென்காசிப் பக்கத்து ஆள். உசிலம்பட்டியில் கடை போட்டு அப்போதுதான் நாலு மாதம்.

"எழுதிட்டேன்க்கா. பலகுரல் வித்தைக்காரர், மெட்ராஸ்ல இருக்கார். ஆளு பேரைச் சொல்லுங்க."

ஜெயக்கொடி சுவரைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரவுக பேரை எப்பிடிண்ணே சொல்றது?"

"சரி, சாடையாச் சொல்லுங்க."

"மலை மேல இருந்து தண்ணி விழுகும்ல..."

"அருவியா?"

"அதேதேன்."

"சனங்க குளிக்கப் போவாங்களா?"

"ஆடி மாசம் கூட்டம் அள்ளும்ண்ணே."

"போதும்க்கா, போதும். வெளங்கிருச்சு. இனி நீங்க வாயே தொறக்க வேண்டாம்."

கம்பத்துக்கு அந்தப் பக்கம் சுருளி என்று ஓர் அருவி இருப்பது இந்தச் சீமையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தென்காசிப் பக்கத்து மனுஷனுக்கு உலகத்தில் அருவி என்பது ஒன்றே ஒன்றுதான். கண்ணுச்சாமி அழகான கையெழுத்தில் எழுதினான்: 'உசிலம்பட்டி குற்றாலம்.'

அப்புறம் மூன்று ஞாயிறு, மேடையில் அறிவிப்பு வந்தது. "உசிலம்பட்டி குற்றாலம் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்!" ஊரே சிரித்தது. ஜெயக்கொடி மட்டும் மூன்று வாரமும் சாணி மிதித்தவள் மாதிரி நின்றாள். கண்ணுச்சாமி அன்றிலிருந்து அவள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

நாலாவது வாரம்தான் அதிசயம். போன வியாழக்கிழமை கார்டு வந்தது. 'தாங்கள் பரிந்துரைத்த திரு. குற்றாலம் நேரில் வந்தார். வரும் ஞாயிறு மேடை ஏறுகிறார்.' அதோடு போன அத்தியாயம் முடிந்தது.

"யக்கா," என்றான் கண்ணுச்சாமி இன்று, பாலை வாங்கி அடுப்பில் ஏற்றிக்கொண்டே. "ஒண்ணு கேட்டா வையக் கூடாது. குற்றாலம்னு நெசமாவே வேற ஒரு ஆளு இருந்து, அவன் வந்து நின்னுட்டாம்னா?"

ஜெயக்கொடி காலி வாளியை வாங்கிக் கவிழ்த்தாள். அந்தக் கேள்வியோடுதான் மூன்று நாளாக அவளே படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

---

விருமாண்டி சந்தைக்குப் பக்கத்தில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிறவன். அந்தத் தெருவில் டி.வி. அவன் வீட்டில் மட்டும்தான். தங்கச்சி மேல் உயிர். அந்த உயிரை அவன் சத்தம் போட்டுத்தான் காட்டுவான்.

மூன்று வருஷத்துக்கு முந்தி சுருளி அந்தக் கடையில்தான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மூட்டை இறக்குவதை விட்டுவிட்டுச் சேவல் மாதிரி கூவுவான், மழை மாதிரி தகரத்தில் விழுவான், போலீஸ் ஜீப் மாதிரி வந்து நிற்பான். ஒருநாள் தாசில்தார் மாதிரி இருமினான். கியூவில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் உட்பட.

"வாய வச்சுப் பொழைச்சிருவியா மாப்ள?" என்று அன்றைக்குக் கடைவாசலில் நாலு பேர் முன்னால் விருமாண்டி கேட்டுவிட்டான்.

சுருளி வீட்டுக்கு வந்தான். ஜெயக்கொடி செவலை மாட்டைக் கறந்துகொண்டிருந்தாள். செவலைக்குக் கன்று செத்துப் போயிருந்தது. காம்பில் கை வைத்தால் உதைக்கும். தினமும் சுருளி பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, கன்று மாதிரி ஒரு குரல் கொடுப்பான். அதன் பிறகுதான் அது பாலை இறக்கும். அன்றைக்கும் கொடுத்தான். பால் இறங்கியது. அவன் எழுந்து ஜோல்னாப் பையைத் தோளில் மாட்டினான்.

"போறேன்," என்றான்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிப் 'போறேன்' என்று சொல்லிவிட்டால், உள்ளே இருக்கிற பொம்பளை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து, 'வாரேன்னு சொல்லிட்டுப் போங்க' என்று திருத்துவாள். கடன் கேட்டு வந்தவனைக்கூட அப்படித் திருத்தித்தான் அனுப்புவாள். திருத்தாத பொம்பளை நம் சீமையில் கிடையாது.

அன்றைக்கு ஒருத்தி இருந்தாள். இரண்டு கையிலும் காம்பு, மனசில் கோபம். அண்ணனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வந்தானே என்ற கோபம். அவள் திரும்பவில்லை. பால் மட்டும் வாளிக்குள் சர் சர்ரென்று விழுந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் செவலை வடக்குப் பார்த்தே படுக்க ஆரம்பித்தது. கொட்டகையைத் திருப்பிக் கட்டிப் பார்த்தார்கள். அது கொட்டகைக்குள் திரும்பிப் படுத்துக்கொண்டது. இதுவும் சத்தியம்.

---

மத்தியானம் விருமாண்டி வீட்டில் சாப்பாடு. விருமாண்டியின் பெண்சாதி ஒச்சாயி, சுருளிக்கு உடன்பிறந்த அக்கா. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. ஆகவே அந்த வீட்டில் சண்டை வந்தால் யார் யார் பக்கம் என்று கணக்குப் பார்ப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

விருமாண்டி ரசத்தை ஊற்றிப் பிசைந்தான்.

"இங்க பாருத்தா. அன்னைக்குச் சொன்னதுதேன். அது நம்ம மாப்ளயா இருக்கட்டும். மூணாவது மணி அடிக்காம நிக்கட்டும். வீட்டுக்கு ஒரு வார்த்தைன்னு கேக்கயில 'வாரேன்'னு சொல்லட்டும். நானே மாலையோட எக்மோருக்குப் போயிக் கூட்டியாறேன். இல்லையா, நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பெரியவுகள வச்சுத் தீத்து விட்டுருவோம். கோச்சடைக்கும் சொல்லி விட்டாச்சு."

கோச்சடை என்றால், அந்த ஊர் மொக்கையன். ஆற்றுப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறவர். தாரம் இழந்து இரண்டு வருஷம். சுருளியோடு கல்யாணம் தீர்ந்தால் ஜெயக்கொடியைக் கட்டிக்கொள்ள இருக்கிறவர். நல்ல மனுஷர், குரல் ஒன்றுதான் உண்டு. அதையும் வீணாக்க மாட்டார்.

"இந்தாருங்க," என்றாள் ஒச்சாயி. "எந் தம்பியத் தீத்து விடுறீகன்னா, அதே பத்து மணிக்கு என்னையவும் சேத்துத் தீத்து விட்டுருங்க. பெரியவுகளுக்கு ரெண்டு டீ மிச்சம்."

"நீ சும்மா இருடி. எந் தங்கச்சி மூணு வருசமா ஒத்தையில கெடக்கா. அந்தத் தகரக் கொட்டகையில மழை பேஞ்சா நான்தேன் இங்க தூங்காமக் கெடக்கேன். ஒனக்கு என்ன தெரியும்?"

"தூங்காமக் கெடக்குற சத்தம்தான் தெருவே கேக்குதே, கொர்ருன்னு."

ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. விருமாண்டி தட்டைப் பார்த்தபடி, குரலை இறக்கிச் சொன்னான்.

"நான் சொன்ன வார்த்தையிலதான் அவன் போனான். அது எனக்குத் தெரியாமலா இருக்கு? அதுக்காக நீ இம்புட்டுக் காலமா வாசலப் பாத்துக்கிட்டு இருந்தா, நான் எப்பிடித்தா அந்த வாசலத் தாண்டி வாரது?"

அண்ணனிடம் அவள் இதுவரை சொல்லாத ஒன்று இருந்தது. கடைசி வார்த்தை அவனுடையது இல்லை. அவள் சொல்லாமல் விட்ட வார்த்தைதான் கடைசி. அதை இன்றைக்கும் அவள் சொல்லவில்லை. மோரை ஊற்றிக்கொண்டாள்.

---

சாயங்காலம் ஐந்தரைக்கே விருமாண்டி வீட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. எழுபத்து நாலு பேர். மூன்று பேர் மேலே அட்டாலிப் பரணில். ஒச்சாயி டி.வி.க்கு முன்னால் சூடம் காட்டினாள். கடையில் மூட்டை தூக்குகிற கருத்தக்கண்ணன் மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கொடைக்கானல் பக்கம் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

"அண்ணே, வருதா?"

"வரலடா! மேக்க திருப்பு!"

"இப்ப?"

"இப்ப சிலோன்டா! எவனோ சிங்களத்துல சோப்பு விக்கிறான்!"

"இப்பண்ணே?"

"அப்பிடியே நில்லு! மூச்சு விடாத!"

படம் வந்தது. வெள்ளை வெள்ளையாக எறும்பு ஊருகிற படம். அதற்குள் ஒரு நெருப்பு விழுங்கி வந்து மூன்று மணி வாங்கிக்கொண்டு போனான். ஒரு சிறுமி வீணை வாசித்து, 'தாத்தா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். கூடத்தில் அழுதார்கள்.

"அடுத்ததாக, உசிலம்பட்டி... குற்றாலம்!"

ஜெயக்கொடி தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

எறும்புக் கூட்டத்துக்கு நடுவே ஓர் உருவம் வந்து நின்றது. மீசை தெரிந்தது. மீசையை வைத்து ஆளை அடையாளம் சொல்வதென்றால் அந்தக் கூடத்திலேயே முப்பது சுருளி இருந்தார்கள்.

"எந் தம்பிதேன்," என்றாள் ஒச்சாயி.

"முகமே தெரியல, எப்பிடிடி தெரியும்?"

"நிக்கிறதப் பாருங்க, ஒரு பக்கமாச் சாஞ்சு. எங்கப்பன் நிக்கிற நெலை."

உருவம் முதலில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. நெடுக்க ஒன்று, குட்டையாக இரண்டு. அந்த நேரம் பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு பஸ்கள் வழி விட்டு ஒதுங்கின. மேடையில் முதல் நடுவருக்குப் பிடிக்கவில்லை.

டங்!

அடுத்தது சந்தை. ஆட்டுக் கூட்டம், தரகனின் துண்டுக்குள் விரல் பிடிக்கிற மௌனம், அந்த மௌனத்துக்கு நடுவே ஒரு தும்மல். மௌனத்தைக்கூட வாயால் செய்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நடுவருக்குச் சந்தை பழக்கமில்லை போலிருக்கிறது.

டங்!

விருமாண்டி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

மேடையில் உருவம் ஓர் எட்டு முன்னால் வந்தது. அப்புறம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தப் பளபளப்பான மேடையில், அம்மாம் பெரிய மனிதர்களுக்கு முன்னால், குத்த வைத்து உட்கார்ந்தது.

ஜெயக்கொடியின் விரல்கள் தாமாகவே மடங்கின, காம்பைப் பிடித்த மாதிரி.

"ம்ம்மே..."

கன்றுக்குட்டி. பசியில்லை, பயமில்லை, 'நீ எங்கே இருக்கிறாய்' என்று மட்டும் கேட்கிற குரல்.

 அப்புறம் கயிறுகள் அறுந்த சத்தம். ஒன்று, இரண்டு, ஐந்து. சந்தைத் திடல் பக்கமிருந்தும் கோயில் தெருவிலிருந்தும் மாடுகள் ஓடிவந்தன. எண்ணிப் பார்த்தவர்கள் பதினேழு என்கிறார்கள். பதினெட்டு என்கிறவர்கள் ஒரு எருமையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அது கன்றே போடாத எருமை. ஆனாலும் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், முளைக்குச்சியையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு, எழுபத்து நாலு பேரையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தது செவலை. நேரே போய் டி.வி. பெட்டியை நக்கியது.

"ஏய், பிடிங்கடா! கண்ணாடி ஒடைஞ்சிரும்!" விருமாண்டி கத்தினான்.

ஜெயக்கொடி பாய்ந்து செவலையின் கழுத்தைப் பிடித்தாள். அப்போதுதான் பார்த்தாள். நாலு காம்பிலிருந்தும் பால் தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அவள் கெஞ்சிக் கெஞ்சிக் கறந்த பால். பக்கத்தில் இருந்த செம்பை இழுத்துக்கொண்டு அவள் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்புக்குத் தெரிந்த வேலை, மனசைக் கேட்காமல் நடந்தது. அவள் முதுகு டி.வி. பக்கம் இருந்தது.

மேடையில் மூன்றாவது நடுவரான அம்மாள் மணிமேல் வைத்திருந்த கையை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி அடிக்கவில்லை.

"வீட்டுக்கு... ஒரு வார்த்தை!" என்றார் அறிவிப்பாளர்.

உருவம் எழுந்து மைக்கை வாயருகே கொண்டுபோனது.

அந்த நேரம் பார்த்துப் பதினேழு மாடும் ஒரு எருமையும் சேர்ந்து கத்தின. அவன் கூப்பிட்டு வந்த மாடுகள், அவன் சொன்ன வார்த்தையை முழுங்கிவிட்டன.

உதடு அசைந்தது. அம்புட்டுதான்.

அப்போது செம்பும் கையுமாக, திரும்பாமலே, ஜெயக்கொடி கத்தினாள். மாட்டுச் சத்தத்துக்கு மேலே, கூடத்துக் கூரை அதிரக் கத்தினாள்.

"வாரேன்னு சொல்லிட்டுப் போங்க!"

மாடுகள் வாயை மூடின. அவள் திரும்பிப் பார்த்தபோது டி.வி.யில் எறும்புதான் ஊர்ந்துகொண்டிருந்தது. மாடியில் கருத்தக்கண்ணன் மூச்சு விட்டிருந்தான்.

---

அப்புறம் அரை மணி நேரம் அந்தத் தெரு இரண்டாகப் பிரிந்து நின்றது.

"ஒதடு குவிஞ்சுச்சுப்பா. 'போ'தான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"நீ எருமைக்கும் பின்னால இருந்த. வாய் நல்லா விரிஞ்சுச்சு. 'வா'தான்!"

"எனக்கு 'டீ'ன்ன மாதிரி இருந்துச்சு," என்றான் கண்ணுச்சாமி.

விருமாண்டி கையைத் தூக்கினான். எல்லாரும் அடங்கினார்கள்.

"எதுக்குய்யா வாய்ச் சண்டை? வந்தவன் பேரு குற்றாலம். எம் மாப்ள பேரு அது இல்ல. எவனோ ஒருத்தன், மேடையில ஏற எடம் கெடச்சுச்சுன்னு அடுத்தவன் பேருக்கு வந்து நின்னுட்டான். அவன் வந்தா என்ன, போனா என்ன? ஜெயக்கொடி, நாளைக்குப் பத்து மணிக்கு..."

"அண்ணே," என்றாள் ஜெயக்கொடி. செவலையின் நெற்றியில் கை வைத்திருந்தாள். "இந்த ஊருல குற்றாலம்னு ஒரு ஆளு உண்டா?"

"இல்ல. அதைத்தான் நானும் சொல்றேன்."

"பொறவு மெட்ராசுல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடயில எந்திரிச்சு வந்தது யாரு? எம் பொண்டாட்டி உசுரு போனாலும் எம் பேரைச் சொல்ல மாட்டா, அருவின்னுதான் சாடை காட்டியிருப்பா, கேட்டவன் தப்பா எழுதியிருப்பான்னு ஒரு ஆளுக்குத்தானண்ணே தெரியும்? மூணு வாரம் ரோசனை பண்ணியிருக்காக. அப்பறம் புரிஞ்சு, அந்தத் தப்பான பேருக்கே வந்து நின்னுருக்காக. வேற ஒருத்தனுக்கு அது புரியுமா?"

"யாருக்கு?"

ஜெயக்கொடி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சுருளிக்கு."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஒச்சாயி மட்டும் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பதினோரு வருஷக் கல்யாணத்தில் ஜெயக்கொடி அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. செவலை காதைத் திருப்பியது.

விருமாண்டி மெதுவாகக் கேட்டான். "என்ன சொன்னான்னு நீ பாத்தியா?"

"பாக்கலண்ணே. அன்னைக்கும் பாக்கல, இன்னைக்கும் பாக்கல. ஆனா நான் சொல்ல வேண்டியத இன்னைக்குச் சொல்லிட்டேன்."

"மொக்கையன் காலையில மொத பஸ்ஸுக்கு வந்துருவாருத்தா. அவருகிட்ட நான் என்ன சொல்ல?"

"பத்து மணிக்குத்தான? நானே சொல்றேன்."

---

திங்கட்கிழமை காலை. ஜெயக்கொடி வழக்கம்போல பால் தூக்குவாளியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தலையில் கனகாம்பரம். செவலை கயிறு இல்லாமலே பின்னால் வந்தது. யாரும் கேட்கவில்லை.

மதுரையிலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. முன் வாசலில் முதல் ஆளாக இறங்கினார் கோச்சடை மொக்கையன். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. அவளைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். நல்ல மனுஷர் என்று முன்பே சொல்லியிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்.

"இருக்காகளா?" என்று மட்டும் ஜெயக்கொடி அவரிடம் கேட்டாள், பஸ்ஸைக் காட்டி.

மொக்கையன் யோசித்தார். "மதுரையில இருந்தே பின் சீட்டுல ஒருத்தரு போர்வையப் போத்திப் படுத்திருந்தாரு," என்றார். அது அவருக்கு ஒரு வாரத்துக்கான பேச்சு.

டிரைவரும் கண்டக்டரும் இறங்கிக் கண்ணுச்சாமியிடம் டீ வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்கள். பஸ் காலியாக நின்றது. ஜெயக்கொடி வாளியைக் கீழே வைத்தாள். அவள் பார்வை பஸ்ஸின் முன் வாசலில் இருந்தது.

பஸ்ஸின் பின்பக்கமிருந்து ஹாரன் கேட்டது. நெடுக்க ஒன்று, குட்டையாக இரண்டு.

டிரைவர் கையில் டீ கிளாஸோடு அப்படியே நின்றான். ஹாரன் பஸ்ஸின் முன்பக்கம்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். செவலை, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, வடக்கே பார்ப்பதை விட்டது.

ஜெயக்கொடி இந்த முறை திரும்பினாள்.

அன்றைக்கு அந்த பஸ்ஸின் கூரையிலிருந்து இறக்கப்பட்ட சாமான் ஒன்றே ஒன்று: மதுரைக் கடைக்காரன் கட்டிய கயிறுகூட அவிழாமல், விருமாண்டி வீட்டு விலாசம் எழுதி வந்த டி.வி. பெட்டி. அந்தத் தெருவுக்குள் நுழைந்த முதல் டி.வி. அதுதான். அப்படியானால் முந்தின நாள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதப் போகிற பன்னிரண்டாவது வாசகருக்கும் அதே பதில்தான்: ஒன்று பெரிதா, எழுபத்து நாலு பெரிதா?